சர்வர் அறைப் பொறுப்பு கைக்கு வந்தால் முதல் மாதம் என்ன செய்வது?

ஐம்பது முதல் இருநூறு பேர் வரை வேலை பார்க்கும் நிறுவனங்களில் ஐ.டி. பொறுப்பு பெரும்பாலும் இப்படித்தான் கைமாறும். முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். உங்களைக் கூப்பிட்டு ஒரு சாவியையும், பாஸ்வேர்டுகள் எழுதிய ஒரு எக்செல் ஃபைலையும் கொடுப்பார்கள். கதவைத் திறந்தால் ஒரு ரேக் (சர்வர்களை அடுக்கி வைக்கும் சட்டம்), ஒரு யூ.பி.எஸ்., ஒரு ஏ.சி., எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாத நீல நிற கேபிள்கள்.

உடனே புதிதாக எதையாவது வாங்கலாம், அல்லது எல்லாவற்றையும் கிளவுடுக்குத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். என்ன இருக்கிறது, அது நின்றுபோனால் திரும்ப எழுந்து வருமா என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை வேண்டும். கீழே உள்ள வேலைகள் எல்லாமே அந்த விடைக்காகத்தான். பெரிய செலவு எதுவும் இல்லை.

படி 1: இருப்பதை எழுதுங்கள்

ரேக்கின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெட்டியையும் எழுதுங்கள். மாடல், சீரியல் எண், வாரன்டி முடியும் தேதி, ஐ.பி. முகவரி, அதில் என்ன ஓடுகிறது, அது நின்றால் யார் முதலில் போன் செய்வார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "டெல் சர்வர், 64 ஜி.பி. ரேம்" என்ற வரியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. "இது நின்றால் கிடங்கில் பில் போட முடியாது, லாரி கிளம்பாது" என்று எழுதியிருந்தால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தெரியும்.

ஆரம்பத்துக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பிறகு வேண்டுமானால் ஜி.எல்.பி.ஐ., நெட்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருட்களுக்கு மாறலாம். கேபிள்களின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் லேபிள் ஒட்டினால் பாதி வேலை கூட முடியவில்லை என்று அர்த்தம்.

டொமைன் பெயர், எஸ்.எஸ்.எல். எனும் இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ், ஆன்டிவைரஸ் உரிமம், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தம் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் இதே பட்டியலில் சேருங்கள். அந்த டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் சொந்த முகவரியாக இருந்தால் இந்த வாரமே மாற்ற வேண்டும்.

படி 2: மின்சாரக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். சிறிய சர்வர் அறைகளில் நடக்கும் கோளாறுகளில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு எடுத்துக்காட்டு. மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றும் 350 வாட் இழுக்கிறது: 1,050. ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த ஸ்டோரேஜ் பெட்டி) 100. இரண்டு ஸ்விட்ச் சேர்ந்து 120. ஃபயர்வால் 40. மொத்தம் 1,310 வாட். சர்வரின் பவர் சப்ளையில் 750 வாட் என்று அச்சிட்டிருக்கும். அது அதிகபட்சத் திறன்தான், உண்மையில் இழுக்கும் அளவை ஐட்ராக் அல்லது ஐலோ (டெல், எச்.பி. சர்வர்களின் மேலாண்மை) பக்கத்தில் பாருங்கள்.

யூ.பி.எஸ்ஸில் 3 கே.வி.ஏ. என்று போட்டிருந்தால் அதை 3,000 வாட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.வில் எவ்வளவு வாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 0.9 என்றால் 2,700 வாட்தான் தரும். நம் சுமை அதில் ஏறக்குறைய பாதி, நல்ல நிலை.

எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட், 42 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி எட்டு தொடராக இருந்தால் 12 × 42 × 8 = 4,032 வாட்-மணி. 1,310-ஆல் வகுத்தால் 3 மணி நேரம் வரும். இது காகிதக் கணக்கு. இன்வர்ட்டர் இழப்பையும் பேட்டரியின் வயதையும் கழித்துவிட்டு 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே எதிர்பாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் ஏற்ற சூழல். அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் வெயிலில் பேட்டரியைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்தால், மூன்று ஆண்டு ஓட வேண்டியது அதற்கு முன்பே படுத்துவிடும்.

அடுத்து ரேக்கின் பின்பக்கம் போங்கள். நல்ல சர்வர்களில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். அந்த இரண்டு வயரும் எங்கே போய்ச் சேருகின்றன என்று கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பல இடங்களில் இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகியிருக்கும். அந்த போர்டின் ஃப்யூஸ் போனால் இரண்டாவது பவர் சப்ளையால் ஒரு பயனும் இல்லை. ஒன்று யூ.பி.எஸ்ஸிலும் மற்றொன்று வேறொரு யூ.பி.எஸ்ஸிலும் போக வேண்டும். இரண்டு யூ.பி.எஸ். இருந்தால் ஒவ்வொன்றின் சுமையும் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். ஒன்று நின்றால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டுமே.

ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் நிற்கிறது என்றும் கேளுங்கள். 2012-இல் சாண்டி புயல் அடித்தபோது நியூயார்க்கில் ஒரு டேட்டா சென்டரின் ஜெனரேட்டர் 17-வது மாடியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்ததால் வெள்ளத்தில் மூழ்கியது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து வாளி வாளியாக டீசலைப் படியேற்றினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஜெனரேட்டர், அதன் பேனல், டீசல் டேங்க், பம்ப் என நான்கையும் நேரில் போய்ப் பாருங்கள்.

படி 3: குளிர்ச்சி

சர்வர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 1 கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு. (வெப்பத்தின் அலகு). நம்முடைய 1,310 வாட்டுக்கு ஏறத்தாழ 4,470. ஒரு டன் ஏ.சி. மணிக்கு 12,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும். ஆக ஒரு டன் தாராளமாகப் போதும், வெயில் படும் சுவரையும் யூ.பி.எஸ்ஸின் வெப்பத்தையும் சேர்த்தாலும்.

அளவு போதும், ஆனால் எண்ணிக்கை போதாது. சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. ஆண்டு முழுக்க இடைவிடாமல் ஓடத் தயாரிக்கப்பட்டது இல்லை. இரண்டு ஏ.சி. வைத்து டைமரில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். கரண்ட் போய் வந்ததும் ஏ.சி. தானாக ஆன் ஆகிறதா என்று சோதியுங்கள். பழைய மாடல்கள் சில ரிமோட்டை அழுத்தும் வரை சும்மா இருக்கும். ஞாயிறு அதிகாலை கரண்ட் போய் வந்தால் ரிமோட்டை அழுத்த யார் இருப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. ஏ.சி. பொதுவாக யூ.பி.எஸ்ஸில் இருக்காது. கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை என்றால், சர்வர்கள் யூ.பி.எஸ்ஸில் ஜாலியாக ஓடிக்கொண்டே மூடிய அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். பேட்டரி தீரும் முன்பே வெப்பம் எல்லை தாண்டலாம். அதனால் யூ.பி.எஸ். தாங்கும் நேரத்தை மட்டும் பார்க்காமல், வெப்பநிலையை வைத்தும் சர்வர்களைத் தானாக நிறுத்தும்படி அமையுங்கள். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பு பரிந்துரைக்கும் அளவு 18 முதல் 27 டிகிரி வரை. அதை ரேக்கின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் அளக்க வேண்டும். அறையை 16 டிகிரியில் உறைய வைக்கத் தேவையில்லை.

படி 4: பேக்கப்பைத் திருப்பிப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

2017 ஜனவரி 31 இரவு, புரோகிராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் உதிரி டேட்டாபேஸில் அழிக்க நினைத்ததை முதன்மை டேட்டாபேஸில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. இருந்த இடத்தில் 4.5 ஜி.பி. மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அந்தக் கிடங்கு காலி. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தவில்லை, அதனால் ஒவ்வொரு முறையும் தோல்வி. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக நான் அவர்களை மிகவும் மதிக்கிறேன்.

ஆகவே "பேக்கப் வெற்றி" என்ற பச்சை டிக்கை நம்பாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்.

முக்கியமான ஒரு சர்வரைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் கணக்கு மென்பொருள் ஓடுவது. அதன் நேற்றைய பேக்கப்பை ஒரு தனி மெஷினில் திருப்புங்கள், அதாவது ரீஸ்டோர் செய்யுங்கள். அந்த மெஷின் அலுவலக நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது, இணையமும் வேண்டாம். இது ரொம்ப முக்கியம். திரும்பி எழுந்த சர்வருக்குத் தான் ஒரு நகல் என்று தெரியாது. பழைய ஐ.பி. முகவரியோடு வந்து அசலோடு மோதும், அதில் அட்டவணையிட்ட வேலைகள் ஓடும், வாடிக்கையாளர்களுக்குப் பழைய பில் மறுபடி எஸ்.எம்.எஸ்ஸாகப் போகும்.

எழுந்ததும் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். "அண்ணா, நேற்றுக் கடைசியாகப் போட்ட பில் எண் என்ன? இதில் இருக்கிறதா பாருங்கள்" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால்தான் சோதனை வெற்றி. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் குறியுங்கள்.

அந்த நேரத்தை வைத்துத்தான் நிர்வாகத்திடம் பேச முடியும். 1 ஜி.பி.பி.எஸ். நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்.பி. போல வரும், 2 டி.பி. திரும்ப 5 மணி நேரம். அதே 2 டி.பி. கிளவுடில் மட்டும் இருந்து, உங்கள் இணைய இணைப்பு 100 எம்.பி.பி.எஸ். என்றால் ஏறக்குறைய 2 நாள். முதலாளியிடம் "பேக்கப் இருக்கிறது சார்" என்று மட்டும் சொன்னால் அவர் அரை மணி நேரத்தில் சரியாகும் என்று நினைத்திருப்பார். எத்தனை மணி நேரம் கம்பெனி நின்றால் தாங்கும், எத்தனை மணி நேர டேட்டா போனால் தாங்கும் என்ற இரண்டையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

எத்தனை நகல் வேண்டும்? 3-2-1 என்று சொல்வார்கள். மூன்று நகல், இரண்டு விதமான சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். "வேறு இடம்" என்பதை உண்மையாகவே வேறு இடமாக எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுதாக எரிந்தபோது, அசலும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். ரெய்டு (டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் முறை) என்பது பேக்கப் ஆகாது, ஒரு டிஸ்க் போனால் காப்பாற்றும், தவறாக அழித்ததை அதே நொடியில் எல்லா டிஸ்க்கிலும் அழிக்கும். ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) பயத்துக்கு, ஒரு நகலாவது வழக்கமான அட்மின் பாஸ்வேர்டால் அழிக்க முடியாதபடி தனிக் கணக்கிலோ, கழற்றி வைத்த டிஸ்க்கிலோ இருக்கட்டும்.

படி 5: கண்காணிப்பு, பதிவேடு

ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் இலவசம், இந்த அளவுக்குத் தாராளம். தொடக்கத்தில் ஐந்தாறு எச்சரிக்கை போதும்: டிஸ்க் 80 சதவீதம் நிரம்பினால், ரேக் வெப்பம் ஏறினால், யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறினால், இணையம் போனால், சான்றிதழ் காலாவதி நெருங்கினால். பேக்கப்புக்கு மட்டும் முறையைத் திருப்பிப் போடுங்கள். தோல்வி அடைந்தால் சொல் என்று வைக்காமல், காலை 7 மணிக்குள் வெற்றிச் செய்தி வராவிட்டால் சத்தம் போடு என்று வையுங்கள். இணையமே போனால் எச்சரிக்கை எந்த வழியில் வெளியே போகும் என்பதையும் யோசித்து, ஒரு மொபைல் சிம் வழியாவது வையுங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு பதிவேட்டில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன மாற்றம், யார், எப்போது, சரிவராவிட்டால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது. நான்காவது வரியை எழுத முடியாத மாற்றத்தை அன்று செய்யாதீர்கள். ஃபயர்வால், ஸ்விட்ச் அமைப்புகளை மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டப்படியும் ஒரு வேலை இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவின்படி, அதில் பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை (சாதனங்கள் தானாக எழுதும் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் என்.டி.பி. (நெட்வொர்க்கில் நேரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக ஒத்திருக்க வேண்டும். கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் எது முதலில் நடந்தது என்று லாக்கைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

படி 6: ஒரு ஞாயிறு, முழு நிறுத்தம்

மேலே உள்ளவை முடிந்ததும், பேக்கப் எடுத்து, நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முறையாக நிறுத்தி மறுபடி எழுப்புங்கள். ஏ.எம்.சி. ஆளை அன்று வரச் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் ஓடிய டிஸ்க்குகளில் ஒன்றிரண்டு எழாமல் போகலாம், கூட்டமான திங்கட்கிழமை போவதைவிட அன்று போவது நல்லது.

எழுப்பும் வரிசை பொதுவாக இது: ஸ்விட்ச், ஃபயர்வால், ஸ்டோரேஜ், டி.என்.எஸ். (பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றுவது) மற்றும் டொமைன் கன்ட்ரோலர் (பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்), டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர் வேறொரு சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினாக இருந்து, அதை எழுப்ப வேண்டிய ஹோஸ்டில் (அந்த வெளிச் சர்வரில்) நுழைய அதே டொமைனின் கணக்கு தேவைப்பட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஹோஸ்டுக்கு ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, நிர்வாகியின் பீரோவில் வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் எழுப்ப வேண்டியிருக்கும். அதனால் அன்று கண்ட உண்மையான வரிசையை, ஒவ்வொன்றுக்கும் ஆன நிமிடங்களோடு அச்சிட்டு ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.