பிரித்துப் போட்ட புல்லட் பாதியில் நிற்காமல் இருக்க

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதல் ஞாயிற்றுக்கிழமையே வண்டியை அக்கக்காகப் பிரித்துவிடுகிறார்கள். பிரிப்பது சுலபம், அதில் ஒரு சுகமும் உண்டு. சாயங்காலத்துக்குள் வண்டி நின்ற இடத்தில் எட்டு அட்டைப்பெட்டிகள் இருக்கும். ஆறு மாதம் கழித்து, அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் வீட்டில் துணி உலர்த்தப் போக வேண்டும் என்ற நிலை வரும்போது, "ஆர்வமே போயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் கெட்டுப்போனது வேலையின் வரிசைதான். வரிசையைச் சரியாகப் போட்டால் இரண்டு மூன்று வருடம் இழுக்கும் வேலைகூட அலுக்காது.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்சி

ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துருவைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு நம்பருக்கும் பதிவெடுத்து வையுங்கள். ஃபிரேமை சாண்ட் பிளாஸ்டிங்குக்கும் (மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பது) பவுடர் கோட்டிங்குக்கும் (பொடியைச் சூடாக்கிப் பூசும் பெயிண்ட்) அனுப்பும்போது நம்பர் உள்ள இடத்தில் டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். தடித்த கோட்டிங் நம்பரை மூடிவிட்டால் ஆர்டிஓ ஆய்வில் திண்டாட வேண்டியதுதான்.

15 வருடம் தாண்டிய வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, ஆய்வு முடிந்தால் 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். 50 வருடம் கடந்து அசல் வடிவில் உள்ள வண்டிக்கு 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி இருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆர்சியே இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எல்லா வேலையும் முடிந்து ஓட்ட முடியாமல் நிற்கும் வண்டி, அடுத்த வண்டிக்கான ஆசையையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

முதலில் சத்தம் கேளுங்கள்

எஞ்சின் ஜாம் ஆகாமல் இருந்தால், பிரிப்பதற்கு முன் அதை ஒருமுறை ஓடவிடுங்கள். எது நன்றாக இருக்கிறது, எது போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பின்னால் சலிப்பு வரும் மாதங்களில் அந்தச் சத்தத்தின் நினைவே இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு டீஸ்பூன் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் டேங்கில் உள்ளது மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். அதனால் அடியில் உள்ள டிரெயின் பிளக்குகளைத் திறந்து மொத்தத்தையும் வடித்துவிட்டு, புதிதாக 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பாயிண்ட் முகம் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பாயிண்டும் சீக்கிரமே கருகும். மிக்கார்ப் கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்தான் முதலில் அடைக்கும்; அதைக் காற்றடித்து ஊதுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, ஐடிலிங் சீராக நிற்கவே நிற்காது.

ஸ்டார்ட் ஆனதும், மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். பழைய எஞ்சினில் கனெக்டிங் ராடின் பிக் எண்டில், அதாவது அது கிராங்கோடு சேரும் முனையில், இருப்பது ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம். ஆயில் இல்லாமல் ஓடினால் அதுதான் முதல் பலி, கிராங்கையே பிரிக்க வேண்டி வரும்.

ஓடும் வண்டி கிடைத்துவிட்டால் அதைப் பிரிக்காமல் ஒவ்வொரு பகுதியாகச் செய்வதே நல்லது. முதலில் பிரேக், அடுத்து வயரிங், பிறகு கிளட்ச். ஒவ்வொன்றும் முடிந்ததும் தெருமுனை வரை ஒரு ரவுண்ட் போய் வரலாம். முழுப் புதுப்பிப்பு என்று பிடிவாதமாக இருப்பவர்கள்கூட ஃபிரேம், ஃபோர்க், சக்கரம் மூன்றையும் முதலில் முடித்து வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திவிட வேண்டும். உருட்டி ஓரமாக வைக்க முடிகிற வண்டியை வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை.

பிரிக்கும்போது

டைமிங் கவரில் உள்ள ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. கவரின் வடிவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்திலேயே குத்தி வையுங்கள். பிரைமரி கவர், கியர்பாக்ஸ் மூடி எதுவானாலும் இதே முறைதான். கேபிளும் வயரும் போகும் பாதையை இரண்டு பக்கமிருந்தும் படம் எடுங்கள். ஹெட்லைட் கூட்டுக்குள் மட்டும் பத்துப் படமாவது வேண்டும்.

பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் இழைதான். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டால் இரண்டு சுற்று நன்றாக ஏறும், அதற்கு மேல் அலுமினிய இழையை அரைத்துக்கொண்டு போகும். கையால் முழுக்கத் திருக முடியாத எதையும் ஸ்பேனரால் திருகாதீர்கள். பழைய போல்ட்டைச் சாம்பிளாகக் கையில் வைத்துக்கொண்டு சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் ஒரு நடை நடந்தால் பெரும்பாலும் ஜோடி கிடைத்துவிடும்.

ஸ்டட் முறிந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. கோபத்தில், முறிந்த துண்டை எடுக்கும் கருவியான ஈஸி அவுட்டை இறக்கி அதையும் உள்ளே முறித்தால், ஸ்டட்டைவிடக் கடினமான இரும்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூடச் செய்யாது. மறுநாள் லேத்துக்குக் கொண்டுபோய், மேலே ஒரு நட்டை வெல்டிங் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் காலம்

பெரும்பாலான வண்டிகள் நிற்பது இங்கேதான். லேத்தில் சிலிண்டர், குரோம் கடையில் ரிம், டிங்கரிங்கில் டேங்க் என்று எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே போய்விட்டால் வீட்டில் கை வைக்க ஒன்றுமே இருக்காது. ஒரு சமயத்தில் இரண்டு பொருளுக்கு மேல் வெளியே அனுப்பாதீர்கள். பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி, அதையும் சேர்த்து லேத்தில் கொடுத்தால்தான் அதன் அளவுக்கு போர் அடிக்க (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைய) முடியும்; வெறும் சிலிண்டரைக் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். குரோமுக்குப் போகும் சாமான்களைத் தரையில் பரப்பிப் படம் எடுத்து, எண்ணிக்கையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

காசு கேட்காத ஒரு வேலை எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அலுமினிய பிரைமரி கவரை 220, 400, 800, 1200 என்று எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தேய்த்துக் கடைசியில் பாலிஷ் போட்டால் முகம் தெரியும். இரண்டு சாயங்கால வேலை. முடிந்ததைத் துணியில் சுற்றிப் பரணில் போடாமல் கண்ணில் படும்படி வையுங்கள்.

மாதத்துக்கு ஒரு முழு ஞாயிறைவிட, வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வேலை செய்வதே மேல். கடைசிப் பத்து நிமிடத்தை அடுத்த முறைக்காக ஒதுக்குங்கள்: தேவையான ஸ்பேனர்களை எடுத்து வைத்து, முதல் நட்டைக் கையால் கழற்றும் அளவுக்குத் தளர்த்தி, நோட்டில் எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன, எதை வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த முறை யோசிக்காமல் கை வேலைக்குப் போய்விடும்.

ஓட்டுவதற்கா, கண்காட்சிக்கா என்பதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நடுவில் மனம் மாறி, ஓட்டுகிற வண்டிக்குக் கண்காட்சித் தரத்தில் சாமான் தேடத் தொடங்கும்போது பணமும் தீரும், வண்டியும் நிற்கும். கையில் உள்ள பணத்தில் கால் பங்கைத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கிராங்க்கேஸைத் திறந்த பிறகுதான் தெரியும் செலவுகள் அதற்குள் அடங்க வேண்டும்.

பெயிண்ட் கடைசியில்

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயிண்ட் வேலையைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும். அந்த மாதங்களை எஞ்சினுக்கும் வயரிங்குக்கும் வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பிறகு டேங்கைக் கொடுங்கள். அதற்கு முன் எல்லாப் பாகத்தையும் பெயிண்ட் இல்லாமலே ஒருமுறை மாட்டி, துளைகள் எல்லாம் சேர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெயிண்ட் அடித்த மட்கார்டில் ரவுண்ட் ஃபைல் போட்டுத் துளையைப் பெரிதாக்குவது கொடுமை. பெயிண்டரிடம் கலந்த கலரில் 200 மி.லி. தனியாக வாங்கி, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். டேங்கை மாட்டும்போதே முதல் கீறல் விழும்.