சுக்சி கடலின் சேற்றை அள்ளி, யார் எதைத் தின்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

சுக்சி கடலில் கப்பல் டெக்கில் நின்று நான் கழுவிய சேற்றுக்குக் கணக்கில்லை. புதிதாக வருகிறவர்களின் கண் எல்லாம் நுண்ணோக்கி மேலேயே இருக்கும். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் டெக்கில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இடத்தைப் பற்றி நாலு வரி. சுக்சி கடல் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில், பெரிங் நீரிணைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, சுமார் 50 மீட்டர் ஆழம்தான். வசந்தத்தில் பனிக்கட்டி விலகும்போது பாசி திடீரென்று பெருகும். அதை மேலேயே தின்று தீர்க்கும் அளவுக்கு மிதவை உயிரிகள் அப்போது இருப்பதில்லை. மிச்சமெல்லாம் அடியில் போய் விழும். அதை நம்பித்தான் மட்டியும் புழுவும், குட்டி இறால் மாதிரி இருக்கும் ஆம்பிபாடும். அவற்றை நம்பி வால்ரஸும் சாம்பல் திமிங்கலமும்.

அள்ளுவதற்கு வான் வீன் கிராப். இரண்டு இரும்புத் தாடைகள், ஒரு கவ்வலுக்கு 0.1 சதுர மீட்டர் தரை. கடைசி சில மீட்டருக்கு, கயிற்றை இறக்கும் வின்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். வேகமாக இறங்கினால் கிராப் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரே மேல்படலத்தை ஊதிவிடும். புதிதாக விழுந்த உணவு இருப்பதே அந்தப் படலத்தில்தான். மேலே வந்ததும் அவசரப்பட்டுக் கொட்டாமல் மூடியைத் திறந்து பாருங்கள். சேற்றின் மேல் தெளிந்த தண்ணீர் நின்றால் சரி. தாடையில் கல் மாட்டி ஒழுகியிருந்தால் தயங்காமல் கடலில் கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

இதில் நான் சூடு பட்டவன். ஒருநாள் விரல் மரத்துப்போய், “பாதி இருக்கே, போதும்” என்று ஒரு கவ்வலை வைத்துக்கொண்டேன். பல மாதம் கழித்து எண்ணினால் அந்த ஒன்றில் மட்டும் ஆம்பிபாட்களைக் காணோம். மேல் சில சென்டிமீட்டரில் மெல்லிய குழாய் கட்டிக் குடியிருப்பவை அவை. ஒழுகிப் போனதும் அவையேதான். அதனால் ஓர் இடத்துக்கு மூன்று கவ்வலாவது எடுங்கள், முடிந்தால் ஐந்து. மூடி திறந்திருக்கும்போதே மேல் 1 சென்டிமீட்டர் சேற்றைத் தனியாக எடுத்து, குளோரோபில் (பாசியின் பச்சை நிறமி) எவ்வளவு என்று பார்க்க உறைய வையுங்கள்.

அப்புறம் சல்லடை, 1 மில்லிமீட்டர் கண். குழாய்த் தண்ணீரை மேலிருந்து பீய்ச்சினால் பாதி விலங்குகள் துண்டாகிவிடும். சல்லடையைத் தொட்டியில் அமிழ்த்தி மெதுவாகச் சுழற்றுங்கள். கடல்நீர் மட்டும்தான், நல்ல தண்ணீர் பட்டால் மென்மையான உடல்கள் ஊதி வெடிக்கும். மிஞ்சியதைப் போராக்ஸ் சேர்த்த 10 சதவீத பார்மலினில் போடுங்கள். போராக்ஸை மறந்தால் அமிலம் கூடி, சிறு மட்டிகளின் ஓடு கரைந்துபோகும். கையுறை இல்லாமலோ மூடிய அறையிலோ பார்மலினைத் தொடவே வேண்டாம்.

எண்ணும்போது ஒரே விதி: தலைக்கு ஒன்று. மூங்கில் புழு பெயருக்கேற்றாற்போல கணுக்கணுவாக உடையும். பதினோரு துண்டு கிடக்கும், தலை இரண்டுதான் இருக்கும். அப்படியானால் இரண்டு புழு. நட்சத்திர மீனின் உறவான பிரிட்டில் ஸ்டாருக்கு நடுத்தட்டைத்தான் எண்ண வேண்டும், உதிர்ந்த கைகளை அல்ல. எடை போடும்போது துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உணவு வலை. பனி நண்டின் வயிற்றை அறுத்துப் பார்க்கலாம், ஆனால் அதை முழுசாக நம்பாதீர்கள். புழு சீக்கிரம் செரித்துவிடும், மட்டியின் ஓட்டுச் சில்லு தங்கிவிடும். வயிறு சொல்வது கடைசிச் சாப்பாட்டை மட்டும். மாதக்கணக்கில் என்ன தின்றது என்பது தசையில் இருக்கும் நைட்ரஜன்-15இல், அதாவது நைட்ரஜனின் கொஞ்சம் கனமான வகையில், தெரியும். இதற்கான விலங்குகளைப் பார்மலினுக்கு முன்பே பொறுக்கி உறைய வைத்துவிடுங்கள். நண்டில் கால் தசை, மட்டியில் பாதத் தசை போதும். சுண்ணாம்பு உடம்புள்ள பிரிட்டில் ஸ்டாரை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். கார்பனையும் அளப்பதானால் அதற்கான பாதியை, சுண்ணாம்பில் இருக்கும் கார்பன் போக, அமிலத்தில் கழுவ வேண்டும், நைட்ரஜனுக்கான பாதியில் அமிலம் படக் கூடாது.

கணக்கு சுலபம். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன்-15 மதிப்பு சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 கூடும். பாசியை வடிகட்டித் தின்னும் மட்டியை இரண்டாம் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டிக்கு 9, நண்டுக்கு 14 என்றால் வித்தியாசம் 5. அதை 3.4ஆல் வகுத்து 2ஐக் கூட்டினால் ஏறக்குறைய 3.5. அதாவது நண்டு தின்றது மட்டியை மட்டுமல்ல. மட்டியைவிட மேல் படியில் நிற்கும் ஏதோ ஒன்றும் அதன் வாய்க்குள் போயிருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் குழம்புவார்கள். வெறும் சேற்றைத் தின்னும் மூங்கில் புழு, மட்டியைவிட மேல் படியில் வந்து நிற்கும். ஆய்வகத்தில் தவறு என்று நினைத்து மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆழத்துச் சேற்றில் பழைய பாசியை பாக்டீரியா திரும்பத் திரும்பத் தின்று மாற்றியிருக்கும். புழுவுக்குக் கிடைப்பது அந்த எச்சில் சோறு.