நாள் முழுக்க நிற்கிற கால்களுக்கு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். எங்கள் தளத்தில் பழைய ஆட்கள் பலருக்கும் முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். நரம்பு என்று நாம் சொன்னாலும் அது ரத்தக்குழாய்தான், டாக்டர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்பார்கள். எனக்கும் இடது காலில் இருந்தது, லேசர் வைத்துச் சரிசெய்துகொண்டேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலுக்கு வந்த ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது இறுகி ரத்தக்குழாயைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காதபடி உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் சதைக்கு வேலையில்லை, ரத்தம் கீழேயே தேங்கும். நாளாக நாளாகக் குழாய் விரிந்து வால்வு சரியாக மூடாமல் போய்விடும். அம்மா அப்பாவுக்கு இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். கர்ப்பம், உடல் பருமன், வயது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அதனால் கடையில் சும்மா நிற்கும் நேரம்தான் எதிரி. கஸ்டமர் இல்லாதபோது கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், மணிக்கொரு முறை இருபது தடவை. ஸ்டாக் எடுக்க நீங்களே நடந்து போங்கள். உட்காரவும் கேளுங்கள்: கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-இல் பெற்ற இருக்கை உரிமை, 2021-இல் தமிழ்நாட்டிலும் சட்டமாகிவிட்டது. சூப்பர்வைசரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். இரவில் கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்த்து ஒரு கால் மணி நேரம் படுத்திருங்கள்.

இறுக்கமான மருத்துவ சாக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்கியவர்களில் பலர் அதைப் பீரோவில்தான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தம் என்று டாக்டர் எழுதித் தரட்டும். சர்க்கரை இருந்தாலோ, நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலோ, பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் போடக் கூடாது. அளவைக் காலையில், வீக்கம் இல்லாதபோது எடுங்கள். கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டு, படுக்கையை விட்டு எழும் முன்பே போட வேண்டும். குளித்துவிட்டுத்தான் போடுவீர்கள் என்றால் சிறிது நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிட்டுப் போடுங்கள். சாக்ஸைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. எங்கேயும் மடிப்பு விழக் கூடாது, மேல் விளிம்பைச் சுருட்டவும் கூடாது. அந்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். சென்னை வெயிலில் அரிக்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெயை இரவில் கழற்றிய பிறகு தடவுங்கள். ஆறு மாதம் போல ஆனதும் பிடிப்புத் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

சாக்ஸ் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், கெட்ட வால்வைச் சரியாக்காது. எந்த எண்ணெயும் சரியாக்காது. அழுத்தி உருவிவிடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புடைப்பைவிடத் தோலை உன்னிப்பாகக் கவனியுங்கள். உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே அரிப்பெடுத்து, தோல் கறுத்து, கெட்டியானால் அடுத்தது புண்தான். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். கறுக்கத் தொடங்கும்போதே டாக்டரிடம் போய்விடுங்கள். புடைத்த நரம்பு உடைந்து ரத்தம் கொட்டினால் உடனே படுத்து, காலைத் தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள்.

டாக்டர் முதலில் டாப்ளர் ஸ்கேன் எழுதுவார். ரத்தம் எந்த இடத்தில் திரும்பி இறங்குகிறது என்று அதில்தான் தெரியும். லேசரிலும் ரேடியோ அலை முறையிலும், பெரும்பாலும் முழங்கால் பக்கத்தில் மெல்லிய குழாயை நுழைத்து, கெட்ட குழாயை உள்ளிருந்தே சூட்டால் மூடுகிறார்கள். மரத்துப்போக வரிசையாக ஊசி போடும்போது சுருக்சுருக்கென்று இருக்கும். அன்றைக்கே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். சின்ன நரம்புகளுக்கு நுரை மருந்து ஊசி உண்டு. சிலருக்கு வெட்டி எடுக்கும் பழைய ஆபரேஷனே பொருந்தும். "குழாயை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்தில் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் போகிறது, பயம் வேண்டாம். பிற்காலத்தில் வேறு இடத்தில் புதிதாக வரலாம் என்பதால் குதிகால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

பணம் இல்லையென்று தள்ளிப்போடவும் வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய் விசாரியுங்கள். ஸ்கேனை நிற்கவைத்து, தொடை இடுக்கிலிருந்து பாதம் வரை பார்ப்பார்கள். தளர்வான நைட்டியோ பாவாடையோ கட்டிக்கொண்டு போனால் கூச்சமில்லாமல் முடியும்.