ஏஜென்ட் ஓடும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது

புதிதாக ஒரு விண்டோஸ் கணினி என் பொறுப்புக்கு வந்தால், நான் முதலில் திறப்பது நிர்வாக ஏஜென்டின் ஃபோல்டரைத்தான். அப்டேட் போடும் அந்த மென்பொருள் பெரும்பாலும் ‘சிஸ்டம்’ கணக்கில் ஓடும்; அட்மினைவிடக் கூடுதல் அதிகாரம். சாதாரணப் பயனர் எழுதக்கூடிய இடத்திலிருந்து அது டிஎல்எல் கோப்பை (மென்பொருள் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் துணை நிரல் கோப்பு) எடுத்தால், அவர் வைத்த கோப்பும் அதே அதிகாரத்தில் ஓடிவிடும்.

2019-இல் டெல் கணினிகளோடு வரும் சப்போர்ட்அசிஸ்ட் மென்பொருளில் வெளிவந்த ஓட்டை இதுதான். கிடைக்காத டிஎல்எல்லை அது ‘பாத்’ பட்டியலிலுள்ள (விண்டோஸ் நிரல்களைத் தேடிப்போகும்) ஃபோல்டர்களில் தேடியது. அந்தப் பட்டியலில் இருந்த, சாதாரணப் பயனரும் எழுதக்கூடிய, சி டிரைவின் பைதான் 2.7 ஃபோல்டரே வாசலாகிவிட்டது.

சரி, சோதிப்போம். சர்வீசஸில் ‘லோக்கல் சிஸ்டம்’ என்றிருக்கும் ஏஜென்டின் கோப்பு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. ‘யூசர்ஸ்’, ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’, ‘எவ்ரிஒன்’ வரிசைகளில் ‘மாடிஃபை’ அல்லது ‘ரைட்’ டிக் ஆகியிருந்தால் ஆபத்து. ‘பாத்’ ஃபோல்டர்களையும் இப்படியே பாருங்கள்.

சி டிரைவிலுள்ள ‘புரோகிராம்டேட்டா’ ஃபோல்டரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அங்கே உருவாகும் ஃபோல்டர்களில் சாதாரணப் பயனரும் கோப்பு வைக்க விண்டோஸ் இயல்பாகவே விடுகிறது. அந்த அனுமதி செக்யூரிட்டி பக்கத்தில் ‘ஸ்பெஷல் பர்மிஷன்ஸ்’ என்று மட்டும் தெரியும். ‘அட்வான்ஸ்டு’ அழுத்தினால்தான் விவரம் வரும்.

ஆபத்து தெரிந்தால், முதலில் ஏஜென்டைத் தயாரித்த நிறுவனத்தின் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போடுங்கள். அப்புறம் எழுதும் அனுமதியை ஒரே ஒரு கணினியில் நீக்கி, ஏஜென்ட் ஒழுங்காக அப்டேட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.