நூறாண்டுக்கு முந்தைய மாணவர் வாழ்க்கையை அக்கால மாணவர்கள் நடத்திய இதழ்களிலிருந்து எழுதுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எவற்றைப் பற்றிக் குமுறினார்கள் என்று எழுத முனைபவர் முதலில் தம் எல்லையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனமும் ஒரு கல்வியாண்டும் போதும். அக்கால மாணவர்கள் நடத்திய இதழ்கள் பல இன்று இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன என்றாலும், தேடுபெட்டியை மட்டும் நம்பி இறங்குவது சரியான வழி அன்று. மங்கிய அச்சைக் கணினி பிழையாகப் படித்திருக்கும் என்பதோடு, நாம் முன்கூட்டியே நினைத்துவைத்த விஷயத்தைத் தவிர வேறெதையும் அது காட்டாது. ஆண்டின் முதல் இதழிலிருந்து தேர்வுக்கால இதழ் வரை வரிசையாகப் புரட்டினால்தான் எந்தப் புகார் ஒரு வாரத்தில் அடங்கியது, எது மாதக்கணக்கில் நீடித்தது என்பது புலப்படும்.

இதழ்களுக்கு முன்பாக அதே ஆண்டின் பல்கலைக்கழகக் கையேட்டைப் படித்துவிடுங்கள். கட்டணம், விடுதிக் கதவு அடைக்கும் நேரம், வருகைப் பதிவு, வழிபாட்டு விதி ஆகியவை அங்கே இருக்கும். விதி இருந்ததாலேயே அது கடைப்பிடிக்கப்பட்டது என்று கொள்ளக் கூடாது. ஒரே எச்சரிக்கை மீண்டும் மீண்டும் அச்சாகியிருந்தால் மாணவர்கள் அதை மீறிக்கொண்டே இருந்தார்கள் என்று ஐயுறுவதே பொருத்தம். ஓரிடத்து வழக்கத்தைக் காலத்துக்கே பொதுவாக்குவதும் ஆபத்து. மாணவர்கள் தேவாலய வழிபாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1886-லேயே கைவிட்டது. அந்நாட்டின் யேல் பல்கலைக்கழகத்தில் அது 1926 வரை நீடித்தது. ஆகவே 1910-இன் யேல் மாணவர் ஒருவரின் முணுமுணுப்பை ஹார்வர்டு மாணவரின் வாயில் வைத்துவிட முடியாது.

இதழைக் கையில் எடுத்தபின் தலையங்கத்தைக் கடைசியில் படிப்பதே நல்லது என்பேன். நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து எழுதும் கட்டாயம் ஆசிரியர் குழுவுக்கு இருந்திருக்கலாம். வாசகர் கடிதங்களில் அந்த அடக்கம் குறைவு. நூலகம் சீக்கிரம் மூடுவது, விடுதிச் சாப்பாடு, முதலாண்டு மாணவரை மூத்தவர்கள் வதைப்பது போன்றவை வெளிப்படையாக வருவது அங்கேதான். விளம்பரங்களையும் விடாதீர்கள். தையற்காரர், புகையிலைக் கடை, பழைய பாடநூல் வாங்குபவர் ஆகியோர் யாருடைய பணப்பையை நம்பி விளம்பரம் கொடுத்தார்கள் என்று பார்த்தால், இதழ் எத்தகைய மாணவரை மனத்தில் வைத்து நடந்தது என்பது தெரியும். வேலை செய்துகொண்டே படித்த ஏழை மாணவர் அந்தப் பக்கங்களில் எளிதில் அகப்படமாட்டார்.

அதைவிடப் பெரிய மௌனம் பெண்களைப் பற்றியது. ஆக்ஸ்போர்டு 1920-இல்தான் பெண்களுக்குப் பட்டம் அளித்தது. கேம்பிரிட்ஜில் 1897-இல் அந்தக் கோரிக்கை வாக்கெடுப்பில் தோற்றது, 1921-இல் பெயரளவுப் பட்டம் கிடைத்தது, முழு உரிமைக்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய சூழலில் ஆண்கள் நடத்திய இதழில் மாணவியர் கேலிக்குரியவர்களாக மட்டுமே தென்பட்டால் வியப்பில்லை. கேம்பிரிட்ஜின் கர்ட்டன், நியூன்ஹாம் போன்ற பெண்கள் கல்லூரிகளின் சொந்த இதழ்களையும் விவாத மன்றக் குறிப்புகளையும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துப் படித்தாலொழிய பாதி வளாகம் விடுபட்டுப்போகும்.

இதழின் தொனி திடீரென்று மாறினால் வளாகத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று தேடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்பட்ட, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் நேர்ந்த மரணங்கள் 1905-இல் பெரும் சர்ச்சையாகி, மறு ஆண்டே விதிகளை மாற்றவைத்தன. 1918 இலையுதிர்காலத்தில் அந்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் இராணுவப் பயிற்சிப் படையும் இன்ஃபுளுவென்சா காய்ச்சலும் ஒரே சமயத்தில் வந்தன; அக்காலத்து இதழ் மெலிந்தோ நின்றோ போயிருந்தால் அந்த இடைவெளியையும் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். அதே 1918-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்திலேயே பங்கு கேட்டுப் போராடினார்கள் என்பதால், அவ்விடத்து ஆவணங்களை விடுதிக் குறைகளுக்காக மட்டும் புரட்டுவது வீண்.

பணத்தைப் பற்றி எழுதும்போது அன்றைய கட்டணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றிக் காட்டும் ஆசை எழும்; அத்தகைய கணக்குகள் பெரும்பாலும் வாசகரைக் குழப்பவே செய்யும். அதே கையேட்டில் உள்ள அறை வாடகையையும் உணவுச் செலவையும் உதவித்தொகையையும் கட்டணத்துக்கு அருகில் வைத்துக் காட்டினால், எந்த வீட்டுப் பிள்ளையால் அங்கே படித்திருக்க முடியும் என்பதை வாசகரே கணித்துக்கொள்வார்.