ஆயேர் ஈத்தாம் ஃபிளாட்டில் பனி வரைந்த கதை

மலேசியாவில் இருக்கும் நான் பனியை நேரில் பார்த்ததே இல்லை. கேமரன் மலைக்குப் போனாலே ஸ்வெட்டர் தேடுகிற ஆள். ஆனாலும் பனி மூடிய ஒரு கிராமத்தை, வேலியும் மொட்டை மரங்களும் ஒரு பழைய கொட்டகையுமாக, ஆயில் பெயின்டில் வரையணும் என்று ஆசை. மூன்று கேன்வாஸ் பாழாகி நாலாவதில்தான் வந்தது. பிரஷ் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வாங்க வேண்டியது: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). போதும். கறுப்பு வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். மற்ற நிறங்களில் மாணவர் ரகம் போதும், வெள்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஜிங்க் வெள்ளை காலப்போக்கில் விறைத்து வெடிக்கும், எனக்குப் பிடிக்காது. பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைனுக்குப் பழைய மைலோ டின். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

1. பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைக் கேன்வாஸ் மேல் வெள்ளைப் பனி வரைந்தால் எது எங்கே என்று கண்ணுக்கே தெரியாது.

2. மரம், கொட்டகை, வேலி. நீலமும் சியன்னாவும் சரிபாதி கலந்தால் நல்ல இருட்டு கிடைக்கும். இந்தப் பூச்சு மெல்லிசாகவே இருக்கட்டும். எண்ணெய் அதிகமுள்ள பூச்சு எப்போதும் மேலே. மாற்றிச் செய்தால் பின்னால் விரிசல் விடும்.

3. பனியின் நிழல். நான் மூன்று தடவை விழுந்த இடம் இது.

வெள்ளையில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து சாம்பல் நிறத்தில் நிழல் போட்டேன். திருநீற்றுத் தட்டு கவிழ்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69 குளிரில் வரைந்த ‘மேக்பை’ (ஒரு பறவையின் பெயர்) படத்தைத் தேடிப் பார்த்தேன். வேலிப் படல் மேல் ஒற்றைப் பறவை, முன்னால் பனியில் நீளமாக நிழல். அந்த நிழல் முழுக்க நீலம், ஊதா. 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சி அதை நிராகரித்ததாம். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீலம் ஏன் என்று மட்டும் பிடிபடவில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாள் அம்மா அப்பாவின் வேட்டியைத் துவைத்துக் கம்பத்தில் போட்டிருந்தார். காலை வெயில், மேகமில்லாத வானம். வெயில் பட்ட பக்கம் இளமஞ்சள், மடிப்புக்குள்ளே நீலம்! நிழலுக்கு வெயில் எட்டுவதில்லை. அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம் மட்டும். பனிக்கும் இதே கணக்குதான். (அந்தக் காலத்தில் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலக்கட்டியில் இருந்ததும் இதே அல்ட்ராமரைன்தான்.)

ஆகவே வெள்ளை, நீலம், அதன் கூச்சலை அடக்க ஊசிமுனை அளவு சியன்னா. நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி இருட்டாகவே போடுங்கள். வெளிச்சப் பகுதி வந்தபிறகு அது தானே பனியாகிவிடும்.

4. வெயில் பட்ட பனிக்கு வெள்ளையோடு துளி ஓக்கர். வெறும் வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள். கொட்டகைக் கூரை விளிம்பு, வேலிக்கட்டையின் தலை என்று நாலைந்து இடத்தில் மட்டும் பெயின்ட் கத்தியால் தடிப்பாக வைத்தால் போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள டின்னில் போடுங்கள்.

அப்டேட்: கிள்ளானிலிருந்து ஒரு தங்கச்சி, “அண்ணா, என் பனி மஞ்சளாயிடுச்சு” என்று எழுதியிருந்தார். விசாரித்தால், படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஆயில் பெயின்டில் உள்ள ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னலோரம் சில வாரம் வைக்கச் சொன்னேன், பெரும்பாலும் தெளிந்துவிட்டதாம். நம் ஊர் ஈரத்தில் பூட்டி வைத்தால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொருவர், மழை வாரத்தில் காயவே மாட்டேன் என்கிறது என்றார். எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுவது. காற்றோட்டம் கொடுத்துக் காத்திருங்கள், தொட்டுப் பார்க்காதீர்கள். என் படத்தின் வலது மூலையில் என் விரல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. அம்மா அதை முயல் நடந்த தடம் என்கிறார்.