பெங்களூரிலிருந்து மலேசியா: முதல்முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்கு இங்கிருந்து விமானத்தில் ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். அதனால் நம்மாட்கள் நிறையப் பேர் லீவு கிடைத்ததும் போய், இரட்டைக் கோபுரத்தின் முன்னால் போட்டோ எடுத்து, ஷாப்பிங் முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அது போதவே போதாது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், அப்புறம் போர்னியோ பக்கம் சபா, சரவாக்கில் கடசான், இபான் மக்கள் என்று இத்தனை பேர் சேர்ந்து வாழ்கிற நாடு அது, மனிதர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அரசுத் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். விசா விதி அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். நம் சார்ஜர் அங்குள்ள பிளக்கில் நுழையாது, தட்டையான மூன்று முள் அடாப்டர் வேண்டும்.

கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் பக்கத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குங்கள். வாழையிலைச் சாப்பாடு நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும், பத்துமலை முருகன் கோயிலுக்கு நேர் ரயிலும் உண்டு. 272 படி, வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். சைவக்காரர்கள் கவனம்: நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் காரச் சம்பலில் நெத்திலி மீன் இருக்கும். மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையில், ‘தே தாரிக் குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைத்த ஆற்றிய பால் டீ) என்று சொன்னால்தான் சர்க்கரை குறையும்.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். அங்குள்ள தமிழரிடம் ‘உங்க சொந்த ஊர் எது, மதுரையா திருச்சியா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை அவர்கள், ஊர் கிள்ளான், ஈப்போ, சுங்கை பட்டாணி என்றுதான் இருக்கும். நம்ம பெங்களூர் அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிறவரை ‘நேட்டிவ் எது?’ என்று குடைந்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாகத் தமிழ்ப்பள்ளி பற்றிக் கேளுங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை இன்றும் நடத்துகிறார்கள், பெருமையாகப் பேசுவார்கள்.

நாள் மிச்சமிருந்தால் பினாங்குத் தீவு. அங்கே ஜார்ஜ்டவுன் நகரில் தேவாலயம், சீனர்களின் குவான்யின் அம்மன் கோயில், மாரியம்மன் கோயில், இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் மசூதி எல்லாம் ஒரே நடையில் பார்க்கலாம். கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிப் பட்டர்வொர்த்தில் இறங்குங்கள், அங்கிருந்து ஃபெர்ரி.